ஒப்படையும் படைப்பும்

எழுத்தாளன் பிறக்கும்போதே எழுத்தாளனாகப் பிறக்கிறான். அவனை எந்தக் கல்லூரியாலும் ஆக்கிவிட முடியாது என்று கூறிக் கைகழுவிவிடுவது நமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சூழலில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இக்கூற்றை மொழிவோர் இதனை ஓர் இலக்கியக் கொள்கை என்றே எண்ணிக்கொள்கின்றனர். சற்று நிதானித்து நோக்கின், இது கொள்கையன்று, வெறும் சாட்டு என்பது புலனாகும். எழுத்து கற்பிக்கத் தக்கதன்று என்று கொண்டுவிட்டால், மாணவன் எழுதியதை ஊன்றிப் படிக்கவேண்டிய கடப்பாடு விரிவுரையாளருக்கு இல்லை. திருத்தித் திருப்பிக் கொடுக்கவேண்டிய சிரமமும் இல்லை. மாணவனுக்கும் இது வசதியே. எழுத வராதது தன் குற்றமன்று, தன் பிறப்பின் குற்றம் என்று அவன் ஆறுதல் கொள்ளலாம். இரு சாராருக்கும் உவப்பான கூற்று இலகுவில் அழிவதில்லை.

இக்கட்டுரை அக்கூற்றை மறுக்க எழுந்தது. பல்கலைக்கழகப் பாடநெறியின் ஊடாக ஒருவன் எழுத்தாளனாக வளர முடியும்; நம்மைப் போன்றோருக்கு அதுவே பெரும்பாலும் எஞ்சியுள்ள ஒரே வழி. ‘ஒப்படை’ என்று நாம் வழங்கும் எழுத்து வேலையே அதற்குரிய விளைநிலம். அந்நிலத்தைத் தரிசாக்கியவர்கள் வெளியாரல்லர். ஆசிரியரும் மாணவருமாகிய நாமே என்பதே என் வாதம்.

‘நம்மைப் போன்றோர்’ என்றேன். அத்தொடரை விளக்கியாக வேண்டும்.

நிவித்திகல

இரத்தினபுரியிலிருந்து கலவானை செல்லும் வழியில் உள்ளது நிவித்திகல. சப்பிரகமுவவின் இப்பகுதியில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. தோட்டத்தின் எல்லை தாண்டினால் சிங்களக் கிராமம். கிராமத்து வயலோரத்தில் மாணிக்கக் குழி. மழையோ ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கும் மேல். இறப்பர் மரத்திற் பால் வெட்டும் தொழிலாளி விடியுமுன் மலையேறவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மழை பெய்தாலோ வெட்டே இல்லை. வெட்டில்லாத நாளிற் பேரும் இல்லை. சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சேர்த்த கைகளின் மணம் ஒரு தலைமுறையையே அடையாளப்படுத்தியது. இந்த மணம் நமது இலக்கியத்தில் எங்கேனும் வீசுகிறதா?

மலையக இலக்கியம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது பனிமூடிய தேயிலை மலை. நுவரெலியாவும் பதுளையும் தலவாக்கலையும் ஓரளவேனும் எழுதப்பட்டுவிட்டன. அவற்றோடு ஒப்பிடின், சப்பிரகமுவத் தோட்டங்கள் பற்றிய எழுத்து மிகச் சொற்பம். எழுதுதற்கு அங்கே ஒன்றும் இல்லாமையன்று காரணம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு திட்டுக்களாகச் சிதறி வாழும் தமிழர் அவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பிரிக்கப்பட்டு, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் தாக்கப்பட்டபோது ஓடியோர் ஓட, எஞ்சியோர் அதே அயலவரோடு மீண்டும் வாழக் கற்றனர். அடித்தவனும் அயலவன், ஒளித்து வைத்துக் காத்தவனும் அயலவன். இத்தகைய அனுபவம் ஒரு நாவலுக்குப் போதாதா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அங்கே தமிழ் மொழியே தளர்ந்துகொண்டிருக்கிறது. கடையில் சிங்களம், மருத்துவமனையில் சிங்களம், பேருந்தில் சிங்களம். தோட்டப் பாடசாலைக்கு அப்பால் உயர்தரம் கற்பதற்குத் தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருப்பதால், பிள்ளையைச் சிங்களப் பாடசாலையிற் சேர்க்கும் பெற்றோரை நான் அறிவேன். அவர்களை நான் குறைகூறேன். ஆயினும் விளைவு யாது? பேரன் எழுதும் மொழியைப் பாட்டி அறியாள். பாட்டி பாடும் மொழியைப் பேரன் எழுதமாட்டான். இவ்விருவருக்கும் இடையே கடைசிப் பாலமாக நிற்பவர், தமிழ்மொழி மூலம் கற்றுப் பல்கலைக்கழகம் புகும் ஒரு சிலரே. அவர்களின் கையில் நாம் என்ன கொடுக்கிறோம்? விரிவுரைக் குறிப்பின் நிழற்பிரதியைக் கொடுக்கிறோம்.

ஓர் ஒப்படையின் கதை

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது இவ்விடத்திற் பொருந்தும். இரண்டாம் ஆண்டில் நாட்டார் வழக்காறு பற்றிய ஒரு பாடத்துக்கு ஒப்படை எழுதவேண்டியிருந்தது. விடுமுறையில் தோட்டத்துக்குச் சென்றபோது, என் அப்பாயியிடம் உட்கார்ந்து பல இரவுகள் பாட்டுக் கேட்டேன். தாலாட்டும் ஒப்பாரியும் நான் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது வேறொன்று. மாணிக்கக் குழி சரிந்து மாண்ட ஒருவனுக்காகப் பாடப்பட்ட ஒப்பாரியிற் சிங்களச் சொற்கள் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருந்தன. குழியில் மாணிக்கம் கிடக்கும் சரளைப் படுகைக்குச் சிங்களத்தில் ‘இல்லம’ என்று பெயர். தமிழிலோ இல்லம் என்றால் வீடு. அப்பாயி அவ்விரு பொருளையும் ஒருசேர வைத்துப் பாடினார். வீடு தேடிக் கீழே போனவனுக்குக் குழியே வீடாயிற்று என்பது அதன் கருத்து. சிலேடை என்னும் அணியை நான் வகுப்பிற் படித்திருக்கிறேன். அது என்ன செய்யும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பாட்டுக்களை எழுதிக்கொண்டு வந்தேன். அவற்றை வைத்துப் பதினாறு பக்கத்தில் ஒப்படை எழுதினேன். புள்ளிகள் மட்டும் அறிவித்தற் பலகையில் வந்தன, குறைந்த புள்ளிகள். காரணம் வினவியபோது, மேற்கோள் நூல்கள் போதாமையும் பிறமொழிச் சொற் கலப்பும் என்று கூறப்பட்டது. முன்னைய ஆண்டு மாணவர் ஒருவரின் ஒப்படையை வரிக்கு வரி பெயர்த்தெழுதிய என் நண்பனுக்கு என்னிலும் மிகுந்த புள்ளிகள். அவன் மேற்கோள்கள் குறைவற்றவை. ஏனெனில் அவை மூவாண்டுகளாகக் கைமாறி வந்தவை.

புள்ளிகளுக்காக நான் இதனைக் கூறவில்லை. திருத்தியவரைப் பழிப்பதும் என் நோக்கமன்று. குவியலாகக் கிடந்த தாள்களுக்கு மத்தியில் அவரும் ஒரு தனி மனிதர். என் துயரம் வேறு. அவ்வொப்படை எனக்குத் திரும்பி வரவேயில்லை. படியெடுத்து வைக்கும் அறிவு அன்று எனக்கில்லை. அடுத்த விடுமுறைக்குள் அப்பாயி காலமானார். ஏதோவொரு அலுமாரியிற் கிடந்து, பின்னர் எடைக்குப் போயிருக்கக்கூடிய அப்பதினாறு பக்கங்களிலேயே அவ்வொப்பாரி இருந்தது. எனக்கு நினைவிருப்பவை அந்தச் சிலேடையும் இரண்டொரு அடிகளுமே.

ஒருவர் வினவலாம்: “இது ஒரு மாணவனின் கவலையீனம், இதற்குப் பாடநெறி என்ன செய்யும்?” பாடநெறி செய்யக்கூடியது நிரம்ப உண்டு. ஒப்படையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்திருப்பின் அப்பாட்டு அழிந்திராது. சேகரித்ததை ஒரு சுற்றும், திருத்தி எழுதியதை மறு சுற்றும் கேட்டிருந்தால், அப்பாயி உயிரோடிருந்தபோதே நான் மீளச் சென்று விட்டுப்போனவற்றைக் கேட்டிருப்பேன். ஒற்றைக் கேள்வி ஓரத்தில் எழுதப்பட்டிருந்தாற்கூடப் போதும்: “இப்பாட்டை வேறு எவரும் பாடுகின்றனரா?” அக்கேள்வி வரவில்லை. மேற்கோள் எங்கே என்ற கேள்வியே வந்தது. நூலில் இல்லாததைத் தேடிச் சென்றவனிடம் நூலிலிருந்து மேற்கோள் கேட்பது எவ்வகை நியாயம்?

நமது மரபு சொல்வது யாது?

பயிற்சியால் எழுத்து வளராது என்போர் தமிழ் மரபை அறியாது பேசுகின்றனர். நன்னூலின் பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்தும் முறையைத் தமிழ் கற்கும் எவரும் மனப்பாடமாக வைத்திருப்பர். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளியை இடைநிலைக்கு மேல் வைக்க நன்னூலார் உடன்படவில்லை. நாமோ அதே சூத்திரத்தைக் கிளிபோல் ஒப்புவிக்கும் மாணவனுக்கு முதல் வகுப்புச் சித்தி வழங்குகிறோம்! கேட்டதைச் சிந்தித்தலும், வினாவலும், வினாவியதற்கு விடையிறுத்தலும் கற்றலின் கூறுகள் என்று வகுத்த நூலையே வினாவின்றிக் கற்பிக்கும் விந்தை நம்மிடம் மட்டுமே உண்டு.

முற்காலத்தில் யாப்பிலக்கணம் கற்றவன் வெண்பாப் பாடினான். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது ஆசிரியர் வைத்த பரீட்சை. பாடியதை அவையிற் படித்து, தளை தட்டிய இடத்தை ஆசிரியர் காட்ட, அங்கேயே திருத்தினான். பெரும்புலவராகாதவனும் ஓசை அறிந்தவனானான். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் கற்ற மாணவர், அவர் புராணங்களை வாய்மொழியாகப் பாடிவர ஏட்டில் எழுதினர். ஒரு செய்யுள் உருவாகும்போதே அருகிருந்து காணும் வாய்ப்பு அது. 1871 முதல் அவரிடம் பயின்ற உ. வே. சாமிநாதையரின் உரைநடையில் ஓடும் தெளிவுக்கு அப்பயிற்சியும் ஒரு காரணம் என்று துணிந்து கூறலாம்.

அதே சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானபோது நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிக் கூற, சேலம் இராமசுவாமி முதலியார் அசையவில்லை. அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றே வினவினார். அவ்வினா சாமிநாதையரைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பியது; 1887இல் அந்நூல் அச்சேறியது. ஒரு நல்ல வினா ஒரு மனிதனின் வாழ்நாள் முழுமையையும் மாற்றியது. ஒப்படைக்குத் தலைப்புக் கொடுப்போர் இதனை மனங்கொள்ளவேண்டும். “மலையக இலக்கியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆராய்க” என்பது வினாவா? அதற்கு ஒரு சிறுகதையையேனும் படிக்காமல் விடை எழுதலாம், எழுதியிருக்கிறோம்.

இன்று யாப்பிலக்கணத்திற் சிறப்புத் தேர்ச்சி பெற்றவன் ஒரு வெண்பாவும் பாடியதில்லை. சிறுகதையின் தோற்றம், வளர்ச்சி, உத்தி என்று மூன்று விடை எழுதத் தெரிந்தவன் ஒரு சிறுகதையும் எழுதியதில்லை. நீச்சலின் வரலாற்றைக் கற்றுப் பட்டம் பெற்றவனை ஆற்றில் இறக்கினால் என்னாகும்?

பேராதனையின் சான்று

நமது நாட்டுப் பல்கலைக்கழக வரலாறே என் வாதத்துக்கு இன்னொரு சான்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, முதற் துணைவேந்தராகிய ஐவர் ஜெனிங்ஸ் பிரித்தானிய முறையைத் தழுவியே அதனை அமைத்தார். சிறுகுழு வகுப்பில் மாணவன் தான் எழுதிய கட்டுரையோடு வந்து, அதற்காக வாதாடவேண்டும் என்பது அம்முறையின் ஓர் அங்கம். அம்முறை மேட்டுக்குடியினருக்கே உரியதாக இருந்தது உண்மை. அதிலிருந்த மேட்டிமையை நீக்கி அதன் பயனை எல்லோருக்கும் வழங்கியிருக்கவேண்டும். சுயமொழிக் கல்வியால் பல்கலைக்கழகத்தின் வாயில் நம்மவருக்கும் திறந்தது. அது வரவேற்கத்தக்க மாபெரும் மாற்றம். ஆனால், மாணவர் தொகை பெருகியபோது ஆசிரியர் தொகை அதற்கீடாகப் பெருகவில்லை. விரிவுரை மண்டபம் நிரம்பியது. சிறுகுழு வகுப்பு மெலிந்தது. குறிப்புக் கொப்பி கொழுத்தது. ஏழையின் பிள்ளை உள்ளே வந்த வேளையில், உள்ளே இருந்த சிறந்த பொருள் அகற்றப்பட்டுவிட்டது.

எனினும், அக்காலப் பேராசிரியர் சிலர் பாடத்தையும் படைப்பையும் இருவேறு உலகங்களாகக் கருதவில்லை. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதினார். ‘நானாடகம்’ 1940இல் வெளிவந்தது. அவற்றை மேடையேற்றியோர் மாணவர். மொழி வரலாற்றைக் கற்பித்த ஒருவரே, மக்கள் நாவில் வழங்கும் மொழியும் ஏடேறத் தக்கது என்று செய்து காட்டியமை எத்துணைப் பெரிய பாடம்! பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனைக்குக் கொணர்ந்து, ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) என மாணவரைக் கொண்டு ஆடுவித்தார். அதற்கு முன்னரே, 1956இல், அதே வளாகத்திற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடக உலகையே புரட்டிப்போட்டது. நாடகம் பற்றிய விரிவுரைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தவர்கள் இவற்றை ஆக்கவில்லை. ஆடியவர்களும் பாடியவர்களும் ஆக்கினர்.

1962இற் பேராதனை மாணவர்களின் சிறுகதைகள் ‘கதைப்பூங்கா’ என்னும் தொகுதியாக வெளிவந்தன. அக்காலப் பேராதனையிலிருந்து வந்த செங்கை ஆழியானும் செம்பியன் செல்வனும் அங்கே சிறப்பாகக் கற்றது தமிழன்று, புவியியல். இச்செய்தியைத் தமிழ்த்துறையினர் சற்று வெட்கத்தோடு சிந்திக்கவேண்டும். நிலத்தைப் பார்க்கவும், மண்ணையும் நீரையும் தொழிலையும் தொடர்புபடுத்தவும் கற்பித்த பாடநெறி நாவலாசிரியனுக்கு உதவியது. ‘வாடைக்காற்று’, ‘காட்டாறு’ முதலிய நாவல்களைப் படிப்போர் அந்தப் புவியியற் கண்ணை இனங்காணத் தவறார். கண்ணைத் திறந்துவிடும் எந்தப் பாடமும் எழுத்தாளனுக்கு உணவாகும். கண்ணை மூடவைக்கும் பாடம் இலக்கியப் பாடமாயினும் நஞ்சே.

எதிர்வாதங்கள்

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று எழும். மலையகத்தின் சிறந்த எழுத்தாளர் எவரும் பல்கலைக்கழகத்தால் உருவானவரல்லரே! சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்தவர். ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என். எஸ். எம். இராமையா பட்டதாரியல்லர். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற தெளிவத்தை ஜோசப் தோட்டப் பாடசாலையிற் கற்பித்தவர். பின்னர் கொழும்பிற் கணக்காளராக வேலை பார்த்தவர். பட்டம் எங்கே, படைப்பு எங்கே?

இவ்வுண்மையை நான் மறுக்கவில்லை; இதிலிருந்து பெறப்படும் முடிவையே மறுக்கிறேன். அவர்களுக்குப் பள்ளி இல்லாமலில்லை. அது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தது. எஸ். எம். கார்மேகம் வீரகேசரியில் நடத்திய ‘தோட்ட மஞ்சரி’ ஒரு வகுப்பறை. மலைநாட்டு எழுத்தாளருக்கென நடத்தப்பட்ட சிறுகதைப் போட்டிகள் அவ்வகுப்பின் பரீட்சை. 1971இல் வெளிவந்த ‘கதைக்கனிகள்’ அதன் பெறுபேறு. க. கைலாசபதி தினகரன் ஆசிரியராகவிருந்த ஆண்டுகளில் அப்பத்திரிகை எத்தனை இளைஞரின் கைப்பிரதிகளுக்குக் களமாயிற்று என்பதை ஈழத்து இலக்கிய வரலாறு கூறும். அனுப்பிய கதை திரும்பி வரும், திருத்தி அனுப்புவர், மீண்டும் வரும். திருப்பி அனுப்புதலும் திருத்தி எழுதுதலும் நிகழ்ந்தமையாலேயே அவர்கள் எழுத்தாளராயினர். அப்பத்திரிகைப் பக்கங்கள் இன்று அவ்வேலையை முன்போற் செய்வதில்லை. எழுதியதைக் கண்ட கணத்திலேயே வெளியிடும் வசதி பெருகியிருக்கிறது. எழுதியதைத் திருத்தும் கை அருகியிருக்கிறது. அக்கை இன்று வேறெங்கே கிடைக்கும்? மாதச் சம்பளம் பெற்றுத் தமிழ் எழுத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டோர் இருக்குமிடம் பல்கலைக்கழகமன்றி வேறெது?

இரண்டாவது எதிர்வாதம், பாடநெறியில் எழுதப் பயிற்றினால் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுதுவர் என்பது. அமெரிக்காவில் ஐயோவாப் பல்கலைக்கழகம் 1936இல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கியது. இன்று அந்நாடெங்கும் அத்தகைய கற்கைநெறிகள் உண்டு. அவற்றின் மீது இக்குற்றச்சாட்டும் உண்டு. இருக்கலாம். ஆயினும், நூறு ஒப்படைகளும் ஒரே குறிப்பின் நூறு பிரதிகளாயிருக்கும் நாம், அச்சு வார்ப்பைக் கண்டு அஞ்சுவது வேடிக்கையல்லவா? ஐயோவாவை இறக்குமதி செய்யும்படி நான் கோரவில்லை. திருவாவடுதுறையையேனும் நினைவுகூருமாறு கோருகிறேன்.

மூன்றாவது, நேரமும் ஆளும் இல்லை என்பது. இதுவே நேர்மையான எதிர்வாதம். ஆதலால் இதனை மதிக்கிறேன். ஆனால், ஒரு தவணையில் நான்கு ஒப்படைகளை வாங்கிப் புள்ளி மட்டும் இடுவதற்குப் பதிலாக, ஒரேயொரு ஒப்படையை இருமுறை வாங்கலாம். முதன்முறை மாணவர் தம்முள் மாற்றிப் படித்துக் குறிப்பெழுதட்டும். இரண்டாம் முறை ஆசிரியர் படிக்கட்டும். வேலை கூடாது, குறையவுங் கூடும்.

நம்மவரின் பங்கு

ஆசிரியரை மட்டுமே சாடிவிட்டு மாணவரை விட்டுவிடுவது கோழைத்தனம். குறிப்புத் தராத விரிவுரையாளரைப் ‘படிப்பிக்கத் தெரியாதவர்’ என்று தூற்றுவோர் யார்? நாமே. வினாத்தாளில் எதிர்பாராத வினா வந்தால் முறையிடச் செல்வோரும் நாமே. தோட்டத்திலிருந்து வந்த மாணவன் முதலாம் ஆண்டிலேயே செய்வது தன் பேச்சை மறைப்பதாகும். லயம், பிரட்டு, கொழுந்து, ஒட்டுப்பால் என்ற சொற்களை நாவிலிருந்து துடைத்துவிட்டு, எவ்வூருக்கும் உரியதல்லாத ஒரு செந்தமிழை அணிந்துகொள்கிறான். செந்தமிழை நான் வெறுக்கவில்லை. இக்கட்டுரையையே அதில்தான் எழுதுகிறேன். அதனைக் கற்பது நமது உரிமை. அதனைக் கற்பதற்கு விலையாக நமது சொற்களைக் கையளிக்க வேண்டும் என்பதையே மறுக்கிறேன். கணபதிப்பிள்ளை இரண்டையும் வைத்திருந்தார். நம்மால் ஏன் இயலாது?

வேறொரு நோயும் நம்மிடம் உண்டு. துன்பத்தைச் சொல்லிவிட்டாலே இலக்கியமாகிவிடும் என்ற மயக்கம் அது. ‘உழைக்கும் மக்களின் கண்ணீர்’ என்று தொடங்கி ‘விடியல் பிறக்கும்’ என்று முடியும் கவிதைகளை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். பால் வெட்டுபவன் கத்தியை எந்தக் கோணத்தில் பிடிக்கிறான், பட்டையில் ஆழம் மிஞ்சினால் மரத்துக்கு என்ன நேரும், மழை நாளில் அவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பவற்றை அறியாதவன் எழுதும் கண்ணீர் யார் கண்ணிலும் நீர் வரவழையாது. இவ்விடத்திலேதான் பாடநெறியின் ஒழுங்கு நமக்கு வேண்டும். கேட்டறிதல், குறித்தல், சரிபார்த்தல், வகுத்தல், திருத்தி எழுதுதல் ஆகிய இவை ஆய்வாளனின் கருவிகள் மட்டுமல்ல. எழுத்தாளனின் கருவிகளும் இவையே. சி. வி. வேலுப்பிள்ளை கவிஞராக இருந்தும் தொழிலாளரின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. தொகுத்தமையால் அவரது கவிதை குன்றியதா?

கோரிக்கைகள்

குறை கூறுவதோடு நின்றுவிடாது, செய்யத்தக்கவற்றையும் கூறுதல் முறை.

முதலாவது, ஒப்படை ஒவ்வொன்றும் எழுதியவனிடம் திரும்ப வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் சொத்தன்று. ஓரத்தில் ஒரு வினாவேனும் எழுதப்பட்டு வரவேண்டும்.

இரண்டாவது, திருத்தி எழுதுவதற்குப் புள்ளி வேண்டும். முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையே மாணவன் கடந்த தூரமே மதிப்பிடத் தக்கது.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு தடவையேனும் மாணவன் தன் ஊரிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து எழுதவேண்டும். பாட்டாக இருக்கலாம், தொழிற்சொற்களின் தொகுதியாக இருக்கலாம், ஒரு கிழவரின் வாழ்க்கையாக இருக்கலாம். அங்கே மேற்கோள் என்பது நூற்பெயரன்று; கூறியவரும் இடமும் நாளும். அச்சொற்களிற் சிங்களம் கலந்திருந்தால் அது பிழையன்று, சான்று. எங்கள் மாகாணத்திலேயே 1995இல் பெலிகுல்லோயாவில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் பெயரே சப்பிரகமுவ. நிவித்திகலத் தோட்டங்கள் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. இவ்வேலையைத் தொடங்குவதற்கு அதனைவிடப் பொருத்தமான இடம் உண்டோ?

நான்காவது, யாப்புக் கற்பிப்போர் மாணவரைப் பாடவைக்கட்டும். சிறுகதை கற்பிப்போர் எழுதவைக்கட்டும். தாமும் உடன் எழுதட்டும். மாணவன் முன் தன் வரைவை வைத்து அடித்துத் திருத்தத் துணியும் ஆசிரியரிடம் ஒரு மணி நேரத்திற் கற்பது, பத்து விரிவுரையிற் கற்பதனினும் அதிகம்.

ஐந்தாவது, இது தமிழ்ச் சங்கங்களுக்கு. ஆண்டு மலர் வாழ்த்துச் செய்திகளாலும் பெரியோரின் பழைய கட்டுரைகளாலும் நிரப்பப்படும் ஏடாக இருத்தலாகாது. வகுப்பில் எழுதித் திருத்தப்பட்டவற்றுள் நல்லவை அச்சேறும் இடமாக அது அமையவேண்டும். அப்போதே ஒப்படை, ஒப்புக்கு எழுதும் படையலாக இராது.

நிவித்திகலையில் மாணிக்கம் தோண்டுவோர், குழியின் அடியிலிருந்து சரளையைக் கூடையில் அள்ளி, ஓடும் நீரில் வைத்துச் சுழற்றி அலசுவர். மண் கரைந்தோடும், கனத்த கற்கள் கூடையின் அடியிற் தங்கும், அவற்றைக் கண்ணுக்கு அருகிற் பிடித்துப் பார்ப்பர். பெரும்பாலான கூடைகளில் ஒன்றும் இராது. அதனால் எவரும் கூடையை அலசாமல் எறிவதில்லை. எத்தனையோ ஆண்டுகளாக நம் மாணவர் கூடை கூடையாகச் சரளையைக் கொண்டுவந்து பல்கலைக்கழக வாயிலில் வைத்திருக்கின்றனர். நாம் அவற்றின் எடையைக் குறித்துக்கொண்டு, அலசாமலேயே கொட்டிவிடுகிறோம்.

கொட்டிய அக்குவியலுள் என் அப்பாயியின் ஒப்பாரியும் கிடக்கிறது. அதனை இனி மீட்க இயலாது. ஆனால், இவ்விடுமுறைக்கும் தோட்டங்களுக்குத் திரும்பும் மாணவர் சிலர் இருப்பர். அவர்களுடைய அப்பாயிகளுள் சிலரேனும் இன்னும் பாடிக்கொண்டிருப்பர். அவர்கள் கேட்டு எழுதி வருவதை யார் படிக்கப்போகிறோம் என்பதே இன்று நம்முன் உள்ள வினா.